கானாடுகாத்தான் வீட்டில் நின்றுபோன லைவ் லினக்ஸ்

போன மாதம் கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் லேப்டாப்பில் விண்டோஸ் ஏறவில்லை. லோகோ வரும், வட்டம் சுற்றும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. பங்காளிகள் சேர்ந்து முன்னோருக்கு நடத்தும் படைப்பின் கணக்கு அதற்குள்தான் இருந்தது, எந்தப் புள்ளி (வரி கொடுக்கும் குடும்பம்) எவ்வளவு கொடுத்தது, பாக்கி யாரிடம் என்று 11 வருடத்துக் கணக்கு. செட்டியார் இருந்தவரை நோட்டில் எழுதியிருக்கிறார். அவர் காலத்துக்குப் பிறகு ஆச்சி எக்செல் பழகி எல்லாவற்றையும் அதில் ஏற்றியிருக்கிறார்கள்.

"கணக்கு மட்டும் வந்திருச்சுன்னாப் போதும் தம்பி, மெஷின் போனாப் போகுது" என்றார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் விண்டோஸைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸை ஏற்றிக் கோப்புகளை எடுத்துவிடலாம். அதற்கென்று வென்டாய் என்ற பூட் கருவி போட்ட 64 ஜிபி பென்டிரைவ் ஒன்று என்னிடம் எப்போதும் இருக்கும். மின்ட், டெபியன் லைவ், சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் வகைகளின் ஐஎஸ்ஓ கோப்புகளை (முழு வட்டின் நகல்) அப்படியே அதில் போட்டுவைத்தால் போதும், மெனுவில் வரிசையாக வந்துவிடும். இது வேலை செய்யாதபோது பலரும் செய்வது, பென்டிரைவை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. நான் அப்படிச் செய்வதில்லை. எந்தப் படியில் நின்றது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும்.

அன்றைக்கு முதலில் மெனுவே வரவில்லை. பாதுகாப்பு மீறல் என்று ஒரு நீலப் பெட்டி வந்தது. அது செக்யூர் பூட், நம்பிக்கைச் சான்று இல்லாத எதையும் மெஷினில் ஏறவிடாத காவல். அதை பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரையில்) போய் அணைத்துவிடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அடுத்தவர் மெஷினில் நான் அதில் கை வைக்க மாட்டேன். வட்டில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், அந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டு விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப், சாவி யார் கணக்கில் கிடக்கிறதோ! அதனால் பெட்டியில் ஓகே கொடுத்து, அடுத்த திரையில் ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பென்டிரைவின் சின்னப் பகுதியான விடிஓஒய்-இஎஃப்ஐக்குள் இருக்கும் சான்றிதழ் கோப்பைக் காட்டி, எஸ் சொல்லி ரீபூட் செய்தேன். ஒரு மெஷினுக்கு ஒரு தடவை செய்தால் போதும். விசையைத் தட்ட சில விநாடிதான் தருவார்கள், கண்ணை எடுக்கக் கூடாது.

மெனு வந்தது. மின்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். லினக்ஸின் மையமான கெர்னல் ஏறியது, எழுத்துகள் ஓடின, அப்புறம் லூப் 0-ஐ மவுண்ட் செய்ய (ஒரு கோப்பை வட்டுபோலத் திறக்க) முடியவில்லை என்று சொல்லி, இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கநிலைக் கட்டளை வரியில் வந்து நின்றது.

இந்த இடம்தான் பலருக்கும் புரிவதில்லை. மெனு வரும்வரை பென்டிரைவைப் படிப்பது லேப்டாப்பின் ஃபர்ம்வேர், அதாவது மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரல். கெர்னல் ஏறியதும் அந்த வழி முடிந்துவிடும். இனி கெர்னலே தன்னுடைய யுஎஸ்பி டிரைவரைக் கொண்டு அதே பென்டிரைவைத் தேடி, அதற்குள் தான் வந்த ஐஎஸ்ஓவை மறுபடி கண்டுபிடித்து, அதற்குள் இருக்கும் ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பை (மொத்த லினக்ஸும் சுருக்கி அடைக்கப்பட்டது) திறந்தாக வேண்டும். கிரப் என்ற பூட் மெனுவைக் கையால் எழுதியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். உபுண்டு வகைக்கு ஐஎஸ்ஓ-ஸ்கேன், டெபியனுக்கு ஃபைண்ட்ஐஎஸ்ஓ, ஆர்ச்சுக்கு இமேஜ்-லூப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாகக் கோப்பின் பாதையைச் சொல்லியாக வேண்டும். வென்டாய் அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. அப்படியும் பென்டிரைவே கண்ணில் படவில்லை என்றால் போர்ட்டை மாற்றிப் பார்க்கலாம், யுஎஸ்பி 3-லிருந்து 2-க்கு. எனக்கு இங்கே பென்டிரைவும் கிடைத்தது, ஐஎஸ்ஓவும் கிடைத்தது. உள்ளே இருந்ததைத்தான் திறக்க முடியவில்லை. அப்படியென்றால் கோப்பில்தான் கோளாறு.

வென்டாய் மெனுவில் ஐஎஸ்ஓ மேல் நின்று 'எம்' விசையைத் தட்டினால் செக்சம் (கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கைரேகை போன்ற எண்) போட்டுக் காட்டும். எஸ்எச்ஏ 256 என்ற வகையைப் போட்டுவிட்டு, போனில் மின்ட் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டாலையில் (வீட்டின் மேடைத் திண்ணை) உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டேன். முதல் நான்கு எழுத்திலேயே வேறு.

தப்பு என்னுடையது. காலையில் காரைக்குடியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, மின்ட் ஐஎஸ்ஓ காப்பி ஆகி முடிந்ததாகப் பட்டை காட்டியதும் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். லினக்ஸில் எழுதவேண்டிய தரவு முதலில் ராமில் போய் உட்காரும், வழக்கமான அமைப்பில் காலியாக உள்ள நினைவகத்தின் 20 சதவீதம் வரைக்கும். என் வீட்டு மெஷினில் 16 ஜிபி ராம். கிட்டத்தட்ட முழு ஐஎஸ்ஓவும் ராமிலேயே அடங்கிவிடும், பென்டிரைவுக்குப் பின்னணியில் மெதுவாகத்தான் போய்ச் சேரும். கோப்பின் அளவு சரியாகவே காட்டும், வால் பகுதி மட்டும் வெறுமையாக இருக்கும். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸின் அட்டவணைகள் எல்லாம் அந்தக் கோப்பின் கடைசியில்தான் இருக்கின்றன. அதனால்தான் சின்னக் கோப்பான கெர்னல் நன்றாக ஏறிவிட்டு, அப்புறம் நின்றது.

சரி, முன்பே பென்டிரைவில் போட்டுவைத்திருந்த டெபியன் லைவைத் தேர்ந்தெடுத்தேன். திரை கறுப்பாகிவிட்டது. இது கிராஃபிக்ஸ் டிரைவர் விவகாரம். டெபியனின் மெனுவில் 'இ' தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் (அந்த டிரைவர் திரையை மாற்றாமல் தடுக்கும் சொல்) சேர்த்து, எஃப்10 தட்டினேன். டெஸ்க்டாப் வந்துவிட்டது.

விண்டோஸ் வட்டில் பூட்டு இல்லை. அதை இரண்டு கிளிக்கில் திறந்துவிடலாம், நான் அப்படித் திறக்கவில்லை. பாதியில் நின்ற விண்டோஸ் தன் வட்டை ஒழுங்காக மூடியிருக்காது, அதில் எதையும் எழுதிவிடக் கூடாது. டெர்மினலில் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து, ஆச்சியின் டாக்குமென்ட்ஸ் மொத்தத்தையும் வேறொரு பென்டிரைவுக்கு இழுத்தேன். படைப்புக் கோப்பை லிப்ரெஆபீஸில் திறந்து காட்டியதும், ஆச்சி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார்கள். வேட்டி சேலை வாங்கிய கணக்கு, சமையலாள் கூலி, எல்லாம் இருந்தது.

"பாத்தாச்சு தம்பி, எடுத்துக் கொடுத்துருங்க."

"கொஞ்சம் இருங்க ஆச்சி."

ராமில் மிச்சமிருப்பதை எல்லாம் பென்டிரைவில் எழுதச் சொல்லும் சிங்க் கட்டளையை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். கர்சர் திரும்பி வர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகுதான் எஜெக்ட் செய்து, பென்டிரைவை அவர்கள் கையில் கொடுத்தேன்.