800ஆ, 800 எஸ்ஸா? சித்தப்பா காதுல மாட்டிப் பார்த்த கதை

தீபாவளி லீவுக்கு சிங்கப்பூர்லேர்ந்து அத்தான் வந்திருந்தாரு. வந்ததும் பெட்டிய திறந்து பிள்ளைங்களுக்கு சாக்லேட், அம்மாவுக்கு கோடாலி தைலம்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சிட்டு கடைசியா ஒரு பெரிய கருப்பு பெட்டிய என் முன்னாடி வச்சாரு. "திற பார்ப்போம்"னாரு. உள்ள சென்ஹைசர் கம்பெனியோட எச்டி 800 எஸ் ஹெட்ஃபோன். எனக்கு கை லேசா நடுங்கிருச்சு, பொய் சொல்லல. ஆனா எனக்கு குடுக்க இல்லையாம், காட்டுறதுக்காம். பத்து நாள் லீவு முடிஞ்சதும் அதுவும் அவரோட ஃப்ளைட் ஏறிரும்.

எங்கிட்ட இருக்கிறது இதோட அண்ணன், வெறும் எச்டி 800. நாலு வருஷம் முன்னாடி செகண்ட் ஹாண்ட்ல வாங்குனது, அதோட உண்மையான விலை இன்னிக்கு வரைக்கும் வீட்ல தெரியாது, படிக்கிற சொந்தக்காரங்க தயவுசெஞ்சு போட்டுக் குடுத்துறாதீங்க. சரி, பத்து நாள் ரெண்டும் ஒரே வீட்ல கும்பகோணத்துல இருக்குன்னா இந்த ஜென்மத்துல இன்னொரு தடவ அமையாது, உக்காந்து ஒழுங்கா கேட்டு எதுல டீடெயில் அதிகம் எதுல தெளிவு அதிகம்னு எழுதி வச்சிருவோம்னு ஆரம்பிச்சதுதான் இது. எங்கயோ போய் முடிஞ்சுது.

மொதல்ல தெரியாதவங்களுக்கு கொஞ்சம். 800 வந்தது 2009ல, அப்ப அமெரிக்காவுல 1400 டாலர். 800 எஸ் வந்தது 2016ல, 1700 டாலர். ரெண்டும் ஓபன் பேக், அதாவது வெளிப்பக்கம் மூடாம சல்லடை மாதிரி இருக்கும், உள்ள பாடுறது வெளிய கேக்கும், வெளிய நடக்குறது உள்ள கேக்கும். ரெண்டும் 300 ஓம் மின்தடை, ரெண்டும் 330 கிராம், ரெண்டுலயும் 56 மில்லிமீட்டர் டிரைவர், அதாவது சத்தத்த எழுப்புற பாகம், அதுவும் முழுசா ஒரு வட்டமா இல்லாம நடுவுல ஓட்டையோட மெதுவடை மாதிரி வளையமா இருக்கும். பார்க்க பழசு வெள்ளி கலர், புதுசு கருப்பு. கண்ண மூடிட்டு தடவிப் பார்த்தா எது எதுன்னு சொல்ல முடியாது.

அப்புறம் என்னதான் வித்தியாசம்னா அந்த வடை ஓட்டையிலதான் இருக்கு. பழைய 800ல 6000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு மேடு உண்டு, அந்த எடத்துல மட்டும் சத்தம் தூக்கலா வரும். பாடகர் "ஸ" சொன்னா, ஜால்ரா தட்டுனா, வயலின் வில்லு அழுந்துனா அது சுருக்குனு குத்தும். எஸ்ல அந்த ஓட்டைக்குள்ள ஒரு சின்ன அறை மாதிரி வச்சுட்டாங்க. காலி பாட்டில் வாயில ஊதுனா ஒரே ஒரு சுருதியில ஊம்முன்னு வருதுல்ல, அந்த ஒரு சுருதிய மட்டும் அது தனக்குன்னு எடுத்துக்கும், அதே கணக்குதான், அந்த அறை 6000 பக்கம் இருக்கிற அதிகப்படிய மட்டும் முழுங்கிரும். கம்பெனிக்காரங்க இதுக்கு சொல்ற நியாயமும் சரியாத்தான் இருக்கு: ஒரு எடத்துல சத்தம் தூக்கலா இருந்தா அதுக்குப் பக்கத்துல இருக்கிற மெல்லிசான சத்தத்த நம்ம காது கவனிக்காது, மேட்ட தட்டி விட்டா மறைஞ்சு கிடந்தது தெரியும். அதாவது பிரகாசத்த கொறச்சா டீடெயில் கூடும். கேக்க ஏறுக்குமாறா இருக்கு, ஆனா விஷயம் அதுதான்.

மொத நாள் ராத்திரி நான் பண்ணுனது சுத்த முட்டாள்தனம். அத்தானோட எஸ்ல அதோட பெட்டியிலயே வந்த பேலன்ஸ்டு கேபிள், நாலு பின் உள்ளது, அத ஆம்ப்ல, அதாவது ஹெட்ஃபோனுக்கு சத்தத்த கூட்டிக் குடுக்குற பெட்டியில, அந்த நாலு பின் ஓட்டையில சொருகிட்டோம். என்னோடத சாதா 6.3 மில்லிமீட்டர் பின்ல. மாத்தி மாத்தி போட்டு கேக்குறோம், அடேங்கப்பா எஸ் எங்கயோ இருக்கு, தம்புரா நரம்பு தனியா தெரியுது, மூச்சு வாங்குறது தெரியுது, அத்தான் "பார்த்தியா பார்த்தியா"ங்குறாரு, எனக்கு வயித்தெரிச்சல்ல தூக்கமே வரல. விடியக்காலம் மூணு மணிக்கு புரண்டு படுக்கும்போதுதான் உறைச்சுது, பேலன்ஸ்டு அவுட்ல வோல்டேஜ் ரெண்டு மடங்கு வரும், அதாவது 6 டெசிபல் அதிகம். சத்தம் அதிகமா இருக்கிறது எதுவும் காதுக்கு "தெளிவா" இருக்கிற மாதிரிதான் தோணும், கடைக்காரங்க காலங்காலமா இத வச்சுத்தான் பொழைக்கிறாங்க.

மறுநாள் ஒரே கேபிள், ஒரே ஓட்டை. நல்லவேளையா ரெண்டுத்துக்கும் கேபிள் சொருகுற முனை ஒண்ணுதான், மாத்தி மாட்டிக்கலாம். 1000 ஹெர்ட்ஸ் டோன் ஓட விட்டு, அட்டையில ஓட்டை போட்டு அதுல சவுண்ட் மீட்டர் மைக்க சொருகி, ரெண்டையும் ஒரே அளவுக்கு கொண்டு வந்தேன். ரெண்டும் ஒரே ஓம், சென்சிட்டிவிட்டியும் கிட்டத்தட்ட ஒண்ணுதாங்குறதால திருகு நகரவே வேண்டியிருக்கல. நேத்து ராத்திரி மலை மாதிரி தெரிஞ்ச வித்தியாசம் பாதிக்கு மேல காணாமப் போயிருச்சு. அத்தான் மூஞ்சியும் கொஞ்சம் சுருங்கிருச்சு பாவம்.

மிச்சம் இருந்த வித்தியாசத்த எப்படி பிடிக்கிறது? இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்கன்னு நினைக்கிறேன். யாரோ எங்கயோ ஸ்டுடியோவுல பதிவு பண்ணுனத போட்டுட்டு "இதுதான் இயற்கையா இருக்கு"ன்னா, இயற்கையில அது எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்? எங்கிட்ட ஒரு பதிவு இருக்கு. ஆடுதுறை பக்கம் ஒரு கோயில்ல வைகாசியில சாமி புறப்பாட்டுக்கு எங்க சித்தப்பா தவில் வாசிச்சாரு, நான் ஹாண்டி ரெக்கார்டர அங்க ஒரு தூணுல கட்டி வச்சு 24 பிட்ல எடுத்தது. நாகஸ்வரத்துல கம்பீர நாட்டை ராகத்துல மல்லாரி, சாமி புறப்பாட்டுக்குன்னே வாசிக்கிறது. நானே பத்தடி தள்ளி நின்னுட்டு இருந்தேன், என்ன நடந்துச்சுன்னு எனக்கு தெரியும்.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல, ஃபேன ஆஃப் பண்ணிட்டு, முற்றத்துக் கதவ சாத்திட்டு உக்காந்தோம். ஐப்பசி மழை வேற, கொல்லையில தவளை கத்துது பாருங்க, ஓபன் பேக் ஹெட்ஃபோன்ல கம்பீர நாட்டையோட தவளையும் சேர்ந்து வாசிக்குது. லட்ச ரூபாய் தாண்டுற சாமான மாட்டிட்டு தவளை எப்ப வாய மூடும்னு காத்துட்டு இருந்த ரெண்டு பேரு இந்த டெல்டாவுலயே நாங்களாத்தான் இருப்போம்.

அந்தப் பதிவுல ஒரு எடம் வரும். நாகஸ்வரக்காரர் ஒரு சங்கதிய முடிச்சு மூச்சு எடுக்கும்போது, வாத்தியத்துல கட்டி தொங்குமே உபரி சீவாளிங்களும் (வாயில வச்சு ஊதுற நாக்கு) ஊசியும் கோத்த கொத்து, அது ஆடி வாத்தியத்துல பட்டு லேசா கிலுங்குன்னும். அரை செகண்டு. 800ல அது பளிச்சுனு கேக்குது, மொத தடவையே கேக்குது, ஆனா ஏதோ கண்ணாடி வளையல ஒடச்ச மாதிரி எல்லாத்துக்கும் முன்னாடி வந்து நிக்குது. எஸ்ல அது பின்னாடி தள்ளி, அந்த வாத்தியம் எங்க இருக்கோ அதே எடத்துல, அதே உசரத்துல தொங்குது. அதோட, கிலுங்குன்ன பிறகு பிரகாரத்து கல் சுவத்துல பட்டு ஒரு சின்ன இழுவை வருது பாருங்க, அது எஸ்லதான் முழுசா காதுக்கு வந்துச்சு. 800ல இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன், ரெண்டாவது தடவ தேடி கேட்டா இருக்கு.

தவில்ல வேற மாதிரி. வலந்தலையில விழுறது கூடு போட்ட விரல், துணியும் பசையும் சுத்தி காய வச்ச கூடு, கல்லு மாதிரி இருக்கும். அந்த அடியோட முனை இருக்கே, டகுன்னு தோல்ல விழுற அந்த கணம், அது 800ல கத்தி மாதிரி வருது. வேகமா போற எடத்துல ஒவ்வொரு விரலையும் எண்ணலாம். எஸ்ல முனை கொஞ்சம் மழுங்கி, ஆனா அடிக்குப் பின்னாடி பலாமரத்து உடம்பு அதிருற சத்தம் கூடுதலா இருக்கு, தொப்பியில குச்சி விழும்போது வயித்துல ஏதோ செய்யுது. எனக்கு எஸ்தான் பிடிச்சுது, ஒரு மணி நேரம் கேட்டாலும் காது சோரல. 800ல முக்கா மணி நேரத்துல கழட்டி வச்சிருவேன், நாலு வருஷமா அப்படித்தான், அது ஆம்ப் கோளாறுன்னு நினைச்சு ரெண்டு ஆம்ப் வேற மாத்திட்டேன்.

இதோட முடிஞ்சிருக்கும். அத்தான்தான் "வாசிச்ச ஆள் ஆடுதுறையில உக்காந்திருக்காரு, அவர கேக்காம நாம என்னத்த முடிவு பண்றது"ன்னாரு. ஞாயித்துக்கிழமை ரெண்டையும் ஆம்ப்பையும் துணிப்பையில சுத்தி, மழையில நனையாம பஸ்ல மடியில வச்சுட்டு போனோம்.

சித்தப்பாவுக்கு அறுவத்தி நாலு. பதினாலு வயசுலேர்ந்து தவில். மொதல்ல எஸ்ஸ மாட்டி விட்டேன். கண்ண மூடிட்டு கேட்டாரு, தொடையில தாளம் போட்டாரு, "நல்லாத்தான் இருக்கு. கதவ சாத்திட்டு உள்ள வாசிக்கிற மாதிரி இருக்கு"ன்னாரு. அப்புறம் 800. மாட்டி பத்து செகண்டு இருக்காது, நிமிர்ந்து உக்காந்துட்டாரு. "இது இது இதான்! டேய் அந்த மூணாவது தாளச் சுத்துல நான் விரல் சொதப்பியிருக்கேன்டா, அன்னிக்கு யாருமே சொல்லல"ங்குறாரு. எது எதுன்னு தெரியக் கூடாதுன்னு துண்ட போட்டு கண்ண கட்டி மாத்தி மாத்தி அஞ்சு தடவ போட்டோம். அஞ்சு தடவையும் வெள்ளிய சரியா எடுத்தாரு.

எனக்கு ஒரே குழப்பம். அந்த சீவாளிக் கொத்து கிலுங்குற எடத்த போட்டு "இங்க ஒண்ணு கேக்குதா சித்தப்பா"ன்னேன். எஸ்ல, "என்ன கேக்கணும்?" 800ல, "ஆமா, சீவாளிக் கொத்து."

அப்பத்தான் சித்தி அடுப்படியிலேர்ந்து வந்து சொன்னாங்க, "இவருக்கு காது கேட்டாத்தானே. குக்கர் விசில் தவிர வேற எதுவும் கேக்காது, டிவிய தெரு முழுக்க வைக்கிறாரு." ஐம்பது வருஷமா ஒரு பக்கம் தவில், காதோரமா நாகஸ்வரம், கல்யாண சத்திரத்துல ஸ்பீக்கர் வேற. பெருஞ்சத்தத்துல வேலை பார்க்குறவங்களுக்கு காது மொதல்ல செத்துப் போறது 3000லேர்ந்து 6000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பகுதியிலதான், 4000 பக்கம் ஒரு பள்ளமே விழும், மில்லுல வேலை பார்க்குறவங்களுக்கும் இதே கதைதான். பழைய 800ல இருந்த மேடு சித்தப்பா காதுல இருந்த பள்ளத்துக்கு கிட்டத்தட்ட நேரா போய் விழுந்திருக்கு. எனக்கு குத்துனது அவருக்கு ரொப்பியிருக்கு.

இந்த மேட்டர அவர்கிட்ட எப்படி சொல்றதுன்னு நான் முழிக்கிறேன், அவரு அசரவே இல்ல. "நாகஸ்வரத்துல மொத்தம் எத்தனை ஓட்டை?"ன்னாரு. பன்னெண்டுன்னேன். "வாசிக்கிறது ஏழுதானே. மிச்ச அஞ்சு எதுக்கு? அதுல மெழுக வச்சு அடைச்சு சுருதிய சரி பண்ணிக்கிறதுக்கு. நரசிங்கம்பேட்டையில எல்லாருக்கும் ஒரே மாதிரி கடைஞ்சுதான் குடுப்பாங்க, மெழுகு வைக்கிறது வாசிக்கிறவன் பாடு. இந்தக் கருப்புல அவனே மெழுகு வச்சுக் குடுத்துட்டான் போலிருக்கு, எனக்கு அது வேணாம்"னாரு. நான் அரை மணி நேரமா பாட்டில் உதாரணம் சொல்லி விளக்குனத அத்தான் ஒரு தடவ கூட இவ்ளோ கவனமா கேக்கல.

அதுக்காக ஆளுக்கு ஒரு காது, எதுவும் எதுக்கும் கொறச்சல் இல்லன்னு நழுவ மாட்டேன். காது நல்லா இருக்கிற ஆள், நெறைய நேரம் கேக்குற ஆள், எஸ்ஸ வாங்குங்க. பழைய 800 கையில இருந்தா ஈக்வலைசர்ல, அதாவது ஒவ்வொரு சுருதிப் பகுதியோட சத்தத்தயும் தனித்தனியா ஏத்தி இறக்குற வசதியில, 6000 பக்கம் நாலஞ்சு டெசிபல் இறக்கிப் பாருங்க, முக்கால்வாசி எஸ் அங்கயே வந்துரும், காசு மிச்சம். வெளிநாட்டுல சில பேரு டிரைவரச் சுத்தி ஃபெல்ட் துணி வெட்டி ஒட்டியே அத பண்ணியிருக்காங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் ஃபோன்ல நேரா சொருகாதீங்க, 300 ஓம்க்கு அதோட வோல்டேஜ் பத்தாது, மெல்லிசான சத்தத்துல கேட்டுட்டு இதுக்கா இவ்ளோ காசுன்னு என்ன திட்டுவீங்க. காது டாக்டர்கிட்ட ஒரு ஆடியோகிராம், அதாவது எந்த சுருதி எவ்ளோ கேக்குதுன்னு பார்க்குற சோதனை, எடுத்துட்டு ஹெட்ஃபோன் வாங்குனா இன்னும் நல்லது. நான் போய் எடுத்துட்டேன், இடது பக்கம் லேசா ஒரு பள்ளம் இருக்கு, தவில் சத்தம் விழுந்த பக்கம். சித்தப்பாவ கூப்பிட்டேன், "தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்குடா ஃபீசு"ன்னு வரல.

அத்தான் எஸ்ஸோட கிளம்பிட்டாரு. போன வாரம் ஃபோன் பண்ணி, ஈக்வலைசர் போட்டு 800 எப்படி இருக்குன்னு கேட்டாரு. அது ஆடுதுறையில இருக்குன்னேன், ஆம்ப்போட. சித்தப்பா காதுல இன்னும் மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்தணும்னு வால்யூம் திருகுக்குப் பக்கத்துல சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, இதுக்கு மேல போகவே கூடாதுன்னு சித்தி முன்னாடி சத்தியம் வாங்கிட்டு வந்திருக்கேன். நேத்து போய் பார்த்தேன், டேப்ப உரிச்சு அரை அங்குலம் தள்ளி ஒட்டியிருக்காரு.