அந்த ஒரு ப்ரீ த்ரோ

அமெரிக்காவில் ராலேயில் இருக்கும் தம்பி வட்ஸ்அப்பில் கோல் எடுத்து, போனை ரீவிக்கு நேரே திருப்பி வைத்துவிட்டான். அங்கே வெள்ளிக்கிழமை நடுச்சாமம் ஆகப்போகிறது. வெள்ளவத்தையில் எங்களுக்கு சனிக்கிழமை காலை ஒன்பது தாண்டிவிட்டது. 2024 மார்ச், வோஷிங்டனில் ஏசிசி என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் ஆண்கள் கூடைப்பந்துத் தொடரின் அரையிறுதி. அவனுடைய ஊர்ப் பல்கலைக்கழக அணியான என்.சி. ஸ்டேட்டுக்கும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். மகன் பாண் துண்டைக் கையில் வைத்தபடி என் தோளில் சாய்ந்திருந்தான்.

15 பல்கலைக்கழகங்கள் ஆடும் தொடர் அது. தோற்றால் அத்தோடு சரி. கிண்ணம் எடுக்கிற அணிக்கு தேசியத் தொடரில் நேரடியாக இடம். என்.சி. ஸ்டேட் தொடருக்கு முந்திய பருவ ஆட்டங்களில் கடைசி நாலிலும் தோற்று, தரவரிசையில் 10ஆவது அணியாக வந்திருந்தது. முதல் நாலு அணிகளும் வியாழன் வரை ஆறுதலாக இருக்க, இவர்கள் செவ்வாயே இறங்கவேண்டும். ஐந்து நாளில் ஐந்து வெற்றி வேண்டும். இது நாலாவது நாள்.

5.3 விநாடி மிச்சம். வர்ஜீனியா 58–55 என்று முன்னால் நிற்கிறது. வர்ஜீனியாவின் ஐசக் மெக்னீலி, இரண்டாம் வருடப் பிள்ளை, எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடையில்லாத வீச்சுக்காக ப்ரீ த்ரோ கோட்டில். எங்கள் பள்ளிக்கூட ஆட்டங்களில் என்றால் இரண்டு வீச்சு நிச்சயம். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் அந்த இடத்தில் முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது. விழவில்லை. என்.சி. ஸ்டேட்டின் மைக்கல் ஓ'கொனல் பந்தோடு ஓடிப்போய், மூன்று புள்ளி தரும் தூரத்தில் இருந்து எறிந்தார். பலகையில் பட்டு, வளையத்தில் துள்ளி, உள்ளே போனது. 58–58. தம்பி போட்ட கூச்சலில் போன் சரிந்து, எங்களுக்குத் தெரிந்தது அவன் வீட்டு சீலிங் மட்டும்தான்.

மகன் துள்ளிக் குதித்தான். நான் மெக்னீலியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினாறு வயதில் நானும் அந்தக் கோட்டில் நின்றிருக்கிறேன். மழை விட்ட பின்னேரம், சீமெந்து கோர்ட், பள்ளிக்கூடங்களுக்கிடையிலான இறுதியாட்டம், நாங்கள் ஒரு புள்ளி முன்னால். தேய்ந்து வழவழத்துப்போன பந்து. சட்டையில் துடைத்தேன், ஈரம் போகவில்லை. மூன்று தரம் தட்டினேன். முதலாவது வளையத்தின் முன் விளிம்பில் பட்டது, இரண்டாவது பின் விளிம்பில். அடுத்த நொடி மற்றப் பக்கத்துப் பிள்ளை ஓடிப்போய்ப் போட்டாள். திரும்பி வரும்போது 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஒருவரும் கதைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் மட்டும் தன் பற்றிஸைப் பிய்த்து பாதியை என் கையில் வைத்தாள். அந்தச் சூடு இப்பவும் உள்ளங்கையில் இருக்கிறது.

மேலதிக நேரத்தில் என்.சி. ஸ்டேட் 73–65 என்று வென்றது. ஞாயிறு விடிய எழும்பி இறுதியாட்டமும் பார்த்தோம். அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான நோர்த் கரோலினாவை 84–76 என்று வீழ்த்தி, 1987க்குப் பிறகு முதல் தடவையாகக் கிண்ணம் எடுத்தார்கள். இடதுகைக்காரர் டி.ஜே. பேர்ன்ஸ் அந்தப் பெரிய உடம்போடு சுழன்று போடுவது தனி அழகு. தோற்ற வர்ஜீனியாவுக்கும் தெரிவுக்குழு மூலம் தேசியத் தொடரில் இடம் கிடைத்தது என்று கேட்டபிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

அந்தச் சனிக்கிழமை மகனின் பயிற்சிக்கு நானும் போனேன். கோர்ட்டை நாலு சுற்று ஓடவிட்டு, மூச்சு வாங்க வாங்க ப்ரீ த்ரோ போடச் சொன்னேன். ஏழாவது விழவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பந்தைப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தேன்.