குளத்து ஆமைகளை நெருங்கிப் பார்த்தல்: இதுவரை கைகூடியவை

குளத்துக்குள் சாய்ந்து கிடக்கும் ஒரு மரத்தில்தான் காராமைகள் வெயில் காய ஏறுகின்றன. ஓட்டின் மேல் நீளவாக்கில் மூன்று மேடுகள் ஓடுவதால் தூரத்திலேயே இனம் தெரிந்துவிடும். கிட்டே போவதுதான் கஷ்டம். ஒன்று ‘தொபுக்’கென்று விழுந்தால் போதும், மற்றவையும் அடுத்தடுத்து இறங்கிவிடும். அதனால் கூட்டத்தில் எது ரொம்ப உஷாராக இருக்கிறதோ அதை மட்டும் கவனிக்கப் பழகிக்கொண்டேன்.

ஆமைக்கு வெளிக்காது கிடையாது; செவிப்பறை தோலுக்கு அடியில் இருக்கிறது. 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த சுருதி ஒலிகளும் அதிர்வுகளுமே அதற்கு நன்றாக எட்டும். நான் பார்த்ததும் அப்படித்தான். மெல்லிய குரலில் பேசும்போது அசையாமல் கிடப்பவை, கரை அதிர ஒருவர் நடந்து வந்தால் உடனே தலை தூக்குகின்றன. கண்பார்வையும் கூர்மை, நிறங்களையும் பிரித்தறியும். வானத்துக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் ஆளை அவை பொறுப்பதே இல்லை.

இப்போது கடைப்பிடிக்கும் வழி இது: மரத்தில் வெயில் விழும் முன்பே போய், முதுகுக்குப் பின்னால் புதர் இருக்கும்படி தரையில் உட்கார்ந்துவிடுகிறேன். பிறகு வரும் ஆமைகள் தண்ணீரிலிருந்து தலையை மட்டும் நீட்டி என் பக்கம் வெகுநேரம் பார்க்கின்றன. அப்புறம் ஏறிவிடுகின்றன. நாம் அவற்றிடம் போவதைவிட அவை நம்மிடம் வர விடுவது எத்தனையோ மேல். 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரில் கண்ணிமை மூடுவதுகூடத் தெரிகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது கழுத்தையும் காலையும் வைத்து ஆமையின் மனநிலையைப் படிப்பது. பின்னங்கால்களைப் பின்னால் நீட்டி, விரல்களை விரித்து, கண்ணைப் பாதி மூடியிருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது. கழுத்து நீண்டு அப்படியே நின்றுவிட்டால் நம்மைக் கண்டுகொண்டது. நீட்டிய கால்களை உள்ளே மடக்கி, முன்னங்கால் நகங்கள் மரத்தின் ஓரத்தைப் பற்றினால் அடுத்த நொடி தண்ணீர்தான். கழுத்து நீளும்போதே நான் உறைந்துவிட்டால் பெரும்பாலும் அது தணிந்து, தலை மறுபடி கீழே இறங்குகிறது.

இந்தக் கவனம் ஆமைக்காகத்தான். தின்றது செரிக்க உடல் சூடேற வேண்டும், ஓடு காய வேண்டும், வைட்டமின் டி உருவாகப் புற ஊதாக் கதிர் வேண்டும். ஒருமுறை பின்னங்காலில் அட்டை ஒட்டியிருந்த ஆமை ஒன்று வெகுநேரம் மரத்தை விட்டு இறங்கவே இல்லை. அதைப் போய்ப் படத்துக்காகத் துரத்தலாமா?

பாலாமை வேறு சுபாவம். ஓட்டின் மேல் மெத்தென்ற தோல், குழல் மாதிரி நீண்ட மூக்கு. ஆழமில்லாத இடத்தில் சேற்றுக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி மூக்கு நுனியால் மூச்சு வாங்கும். குளம் வற்றினால் சேற்றுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். மேகமூட்டமான நாளில் மரம் காலியாகக் கிடந்தால் நான் தேடுவது அந்த மூக்கு நுனிகளைத்தான். மழைக்குப் பிறகு ஒரு பாலாமை கரையைக் கடப்பதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தலையை இழுத்துக்கொண்டது. பின்னங்கால்களை அடியோட்டின் மடல்கள் மூடிவிட்டன. தள்ளி உட்கார்ந்தேன். முதலில் மூக்கு, பிறகு கண், பிறகு முழுக் கழுத்து. சட்டென்று எழுந்து தண்ணீரை நோக்கி ஓடிய வேகம் அசத்தலாக இருந்தது! கையில் எடுக்கவில்லை. அதன் கழுத்து நீளத்துக்கு எங்கிருந்தும் திரும்பிக் கடிக்கும். போகும் வழியும் அதற்குத் தெரிந்தே இருந்தது.

அடுத்து முட்டையிடும் இடங்களைக் கவனிக்கப் போகிறேன். பின்னங்கால்களால் குழி தோண்டி, முட்டையிட்டு, மண்ணை மூடிவிட்டுத் தாய் போய்விடும். தோண்டும்போது குறுக்கே போனால் இடாமலேயே திரும்பிவிடக்கூடும் என்பதால், அப்போது வழக்கத்தைவிட இன்னும் தள்ளியே உட்காரப் போகிறேன். முட்டைகளைத் தொடுவதே இல்லை. கரு உள்ளே ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் குஞ்சு செத்துப்போகலாம்.