தோமியேவின் சீன அதிகாரி: சாம்பல் நிறம் ஒருவழியாகப் பிடிபட்டது

நேற்று இரவு எடுத்த அச்சில் சீன அதிகாரியின் அங்கியின் சாம்பல் நிறம் அடைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டது. வயிற்றுப் பகுதியில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. மடிப்புக்குள் போகப் போக அவை நெருங்கிக் கறுக்கின்றன. எங்குமே திட்டு விழவில்லை. கல்லச்சில் (கொழுப்புக் கிரேயானால் வரைந்து, எண்ணெய் மையும் நீரும் ஒட்டாததை வைத்து அச்செடுக்கும் லித்தோகிராஃபியில்) கை வைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தாளைக் கயிற்றில் காயப் போட்டிருக்கிறேன், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் ஒனோரே தோமியே பாரிஸின் ‘லெ ஷாரிவாரி’ நாளிதழுக்கு 1850களின் கடைசியிலிருந்து 1860 வரை வரைந்த ‘சீனாவில்’ தொடர். பிரான்சும் பிரிட்டனும் சேர்ந்து சீனாவோடு போரிட்ட காலம் அது. சீனப் படையைக் கையாலாகாத படையாகக் காட்டுவதுதான் அந்தத் தொடரில் திரும்பத் திரும்ப வரும் வேலை. முழுத் தாளைப் பிரதியெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. தொளதொள அங்கியும் தொப்பியுமாக நிற்கும் ஓர் அதிகாரியின் உருவத்தை மட்டும், அவர் கிரேயானைப் பிடித்த விதத்திலேயே பிடித்து வரைந்து அச்செடுக்க வேண்டும் என்பதுதான் திட்டம். அந்த ஏளனம் எனக்குப் பிடித்தமானது அல்ல. ஒரு படையை வாசகர் கண்ணில் சிறுமைப்படுத்தக் கை என்ன செய்தது என்பதை என் கையால் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

சூட்சுமம் எல்லாம் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் தகட்டைப் பற்றிக் கொஞ்சம்.

தோமியே வரைந்தது பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில். வேலை முடிந்ததும் படத்தைத் தேய்த்து அழித்துவிட்டு அதே கல்லில் அடுத்ததை வரைவார்கள். அந்தக் கல்லுக்கு நான் எங்கே போவது? அச்சகங்களில் பயன்படும் அலுமினியத் தகடான ஆஃப்செட் பிளேட், அதில் பழைய ஒன்றின் பின்பக்கம்தான் எனக்குக் கல். முன்பக்கத்தில் தொழிற்சாலை போட்ட சொரசொரப்பு மிக நுண்ணியது, கிரேயான் அதில் பிடிக்காமல் வழுக்கும். பழைய படத்தின் பூச்சு வேறு ஒட்டியிருக்கும். பின்பக்கம் வழவழவென்று இருப்பதால் சொரசொரப்பை நம் விருப்பத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

கண்ணாடிப் பலகையில் தண்ணீர் தெளித்துத் தகட்டை ஒட்டவைத்து, சிலிக்கான் கார்பைடு தூளைத் தூவி, மல்லரால் (அடி தட்டையான கைத்தேய்ப்பான்) சுழற்றித் தேய்க்கிறேன். எண் ஏற ஏறத் தூள் நுண்மையாகும், 220ஆம் எண்தான் சரி. 120 போட்டால் முகத்தில் வரும் மெல்லிய கோடுகள் உடைந்துபோகின்றன. தேய்க்கும்போது கை தானாகவே நடுப்பகுதிக்குப் போகும், ஓரங்கள் வழவழப்பாகவே தங்கிவிடும். அச்செடுக்கும்போது முதலில் அடைப்பது அந்த ஓரங்கள்தான். அதனால் மூலைகளிலிருந்து தொடங்கி உள்ளே வருகிறேன். கழுவிக் காயவைத்த பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தகட்டின் விளிம்போடு படுக்கவைத்து ஒளியை ஓடவிட்டால், தேயாத இடம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். காயவைப்பதையும் உடனே செய்துவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் அலுமினியத்தில் கரும்புள்ளிகள் பூக்கும், அவை கடைசிவரை மையை இழுத்துக்கொண்டே இருக்கும். வரைவதற்கு முன் நீர்த்த வினிகரில் ஓர் அலசல், அவ்வளவுதான்.

கிரேயானில் சாம்பலுக்குக் கடினமான 5ஆம் எண், கறுப்புக்கு அதைவிட மென்மையான 3ஆம் எண். மென்மையான கிரேயானில் கொழுப்பு அதிகம், கண்ணுக்கு இளஞ்சாம்பலாகத் தெரிவது அச்சில் கறுத்துப்போய் வரும். வெயில் காலத்தில் 5ஆம் எண்ணே இளகிவிடுகிறது, விடிகாலையில் உட்கார்ந்தால்தான் முனை நிற்கிறது.

இனி இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். வரைந்த தகட்டின் மேல் ரோசின், டால்க் தூவி, கோந்தும் டானிக் அமிலமும் கலந்த எட்ச் (படம் இல்லாத இடத்தில் மை ஒட்டாமல் செய்யும் கரைசல்) போடுகிறோம் அல்லவா, அதுதான் என்னை இத்தனை நாள் தொல்லைப்படுத்தியது. அமிலம் ஏறினால் மெல்லிய சாம்பல் எரிந்து வெளுத்துவிடும். குறைந்தால் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளையில் மை புகுந்து மொத்தமும் கறுப்பாகிவிடும். தகடு முழுக்க ஒரே பலத்தில் போடுவதை விட்டுவிட்டேன். அங்கிக்கு ஏறக்குறைய வெறும் கோந்து. இடைக்கச்சைக்கும் காலணிக்கும் மட்டும் தூரிகையால் பலமான கலவை. சில நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மொத்தத்துக்கும் கோந்து பூசித் துடைத்தேன்.

அந்தத் துடைப்பில்தான் வித்தை இருக்கிறது. தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பதுபோல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் கோந்தை மெல்லிசாக்க வேண்டும். அடுத்து கிரேயானைக் கரைக்கப் போடும் டர்பன்டைன், தடிப்பாக விட்ட இடத்தில் உள்ளே இறங்காது, அங்கே கிரேயான் கொழுப்பு கரையாமல் படம் மை பிடிக்காமல் குருடாகிவிடும். பழைய மல்மல் வேட்டித் துணியில் மூன்று துண்டு வைத்துக்கொண்டேன். முதல் துண்டு கோந்தை எடுக்கிறது, இரண்டாவது பரப்புகிறது, மூன்றாவது சத்தம் வரும்வரை தேய்ப்பதற்கு. உலர்ந்த துணி தகட்டில் கீச்சென்று ஒலிக்கும், அந்த ஒலி தகடு முழுக்கக் கேட்டால் போதும்.

அப்புறம் ரோலர். ஸ்பாஞ்சால் நனைத்த தகட்டில் ரோலரை மெதுவாக ஓட்டினால் மையை இறக்கும், வேகமாக ஓட்டினால் கூடுதல் மையை எடுக்கும். அங்கிமேல் வேகமாகவும் கச்சைமேல் மெதுவாகவும் போனேன். மை இளகலாக இருந்ததால் கொஞ்சம் மெக்னீசியம் கார்பனேட் சேர்த்து இறுக்கிக்கொண்டேன்.

இதற்கு முன் எடுத்த, அடைத்துப்போன அச்சுகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறேன். புது அச்சோடு அவற்றைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகிறது. சாம்பல் அடைத்துக் கறுத்த தாளில் அந்த அதிகாரி பயமுறுத்துகிறான்! தோள் அகன்று, உடல் கனத்து, ஒரு கரிய பாறையாக நிற்கிறான். கோடுகள் அதேதான், முகமும் அதேதான், ஆனால் சிரிப்பே வரவில்லை. சாம்பல் சரியாக விழுந்த தாளில் அதே உடல் காற்றடைத்த துணியாகிவிடுகிறது. தோமியே கிரேயானைப் படுக்கவைத்து இழுக்கும்போது கல்லின் சொரசொரப்பு வழியாக வெளிச்சம் உடலுக்குள் நுழைகிறது, எடை போய்விடுகிறது. அதன் மேல் கச்சை, மீசை, வாள்பிடி என்று நாலைந்து கறுப்புக் கீற்றுகள் மட்டும் அழுத்தமாக விழும். அலங்காரத்துக்கு எடை உண்டு, ஆளுக்கு இல்லை. சீனப் படையைப் பற்றி அந்தத் தொடர் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு ஏற்பாட்டில் அடங்கிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

அதே பத்திரிகையில் ‘காம்’ என்ற பெயரில் வரைந்த அமெதே த நொவேயின் பாணியிலும் ஒரு மூலையில் வரைந்து பார்த்தேன். கோட்டோவியம்தான், சாம்பல் அதிகம் வேண்டியதில்லை. அதனால் தகடு ஒரு தொல்லையும் தராமல் அச்சாகிவிட்டது. பின்னல் சடை, குடை, டிராகன் கொடி என்று உடையையும் பொருளையும் வைத்தே அவர் சிரிக்க வைப்பார். வேகமான கை, ஆனால் உடலைத் தொடுவதில்லை. என் கண்ணுக்குத் தோமியே பல படி மேலே நிற்கிறார், அதனாலேயே அவருடைய ஏளனம் ஆழமாகக் காயப்படுத்துவது.

ஏன் சீனப் படை? இதற்குப் பாரிஸின் தணிக்கையைப் பார்க்க வேண்டும். மன்னர் லூயி பிலிப்பைப் பெருந்தீனிக்காரனாக வரைந்ததற்காக 1832இல் சிறைக்குப் போனவர் தோமியே. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1852 பிப்ரவரி ஆணைப்படி, எந்தப் படமும் முன் அனுமதி இல்லாமல் வெளிவர முடியாது. பேரரசரைத் தொட முடியாது, உள்நாட்டு அரசியலைத் தொட முடியாது. எதிரி நாட்டுப் படையைத் தாராளமாகக் கிண்டல் செய்யலாம், 1859இல் ஆஸ்திரியப் படைக்கும் அது கிடைத்தது. படத்துக்குக் கீழே வரும் வாசகங்களைப் பெரும்பாலும் பத்திரிகைக்காரர்களே எழுதினார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்தத் தொடரில் தோமியேவின் குரல் எது என்று தேட வேண்டிய இடம் வாசகம் அல்ல, கிரேயான் தடம்தான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1859 ஜூன் 25 அன்று, பெய்ஹோ ஆற்று முகத்துவாரத்தில் இருந்த தாகு கோட்டைகள்மேல் பாய்ந்த பிரிட்டிஷ் கடற்படையை, அதோடு சேர்ந்திருந்த சிறு பிரெஞ்சுக் குழுவையும் சேர்த்து, சீனப் பீரங்கிகள் அடித்து விரட்டின. பிரிட்டிஷ் தரப்பில் இறந்தோரும் காயம்பட்டோரும் 400க்கு மேல். பீரங்கிப் படகுகளும் மூழ்கின. செய்தி ஐரோப்பாவுக்கு வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. மறு ஆண்டு பெரும்படையோடு வந்து, ஆகஸ்ட் 21 அன்று கோட்டையைப் பிடித்தார்கள். செப்டம்பர் 21 அன்று பாலிகாவ் பாலத்தருகே நடந்த போரில் மங்கோலியக் குதிரைப்படை பீரங்கித் தீயை நோக்கித் திரும்பத் திரும்பப் பாய்ந்து மடிந்தது. அக்டோபரில் யுவான்மிங்யுவான் அரண்மனை சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது. பிரெஞ்சுத் தளபதி கூசேன் மோந்தொபானுக்கு ‘பாலிகாவ் கோமகன்’ பட்டம் கிடைத்தது. பிரிட்டிஷ் தரப்பில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையும் போயிருந்தது, ‘தாகு கோட்டைகள்’, ‘பெக்கின்’ என்ற போர்ப் பெருமைகள் அந்தப் பிரிவுக்கு இன்றும் உண்டு. பாலிகாவில் செத்தவர்களை மனதில் வைத்துக்கொண்டு, காற்றடைத்த துணியாக வரைந்த அந்த உடலை அச்செடுக்கும்போது கை தயங்கத்தான் செய்கிறது. அந்தத் தயக்கம் இருக்கட்டும் என்றே விட்டுவிட்டேன்.

மூலத்தாள் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளிதழ்த் தாளில் வந்த பிரதிகளுக்குப் பின்பக்கம் செய்தி அச்சு இருக்கும், அது முன்பக்கச் சாம்பலில் ஊடுருவி அழுக்காகக் காட்டும். பின்பக்கம் வெறுமையாக, வெள்ளைத் தாளில் தனியாக எடுத்த பிரதிகள் விலை கூடுதல், ஆனால் சாம்பலைப் படிக்க அவைதான் உதவும். அடியில் வெளியீட்டாளர் மார்த்தினே, அச்சகக்காரர் தெத்தூஷ் பெயர்கள் இருக்கிறதா பாருங்கள். இணையத்தில் ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பியது மூலமே அல்ல. பூதக்கண்ணாடியை வைத்தவுடன் வரிசை வரிசையாக ஒரே சீரான புள்ளிகள் தெரிந்தன, புகைப்பட முறையில் எடுத்த மறுபதிப்பு. கல்லின் புள்ளிகள் ஒருபோதும் வரிசையில் நிற்காது. பணத்தைத் திருப்பி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இலவசமாகப் பார்க்க பிரெஞ்சு தேசிய நூலகத்தின் ‘காலிக்கா’ தளத்தில் ‘லெ ஷாரிவாரி’ இதழ்கள் இருக்கின்றன, ஒரு படத்தின் எண்ணைத் தெரிந்துகொள்ள, தோமியேவின் அச்சுப்படங்களுக்கு லோய் தெல்த்தே தொகுத்த பட்டியல்தான் இன்றும் அடிப்படை.

கோந்து விஷயம்: நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பிசினில் மரப்பட்டைத் துணுக்குகள் நிறைய. இரவு முழுக்க ஊறவைத்து, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டினால் நன்றாகவே இருக்கிறது. சீக்கிரம் புளித்துவிடும், கொஞ்சமாகக் கரைப்பதே நல்லது. டானிக் அமிலத்துக்குப் பதிலாகக் கடுக்காய்ச் சாற்றைப் போட்டுப் பார்க்கும் ஆசையும் இருக்கிறது. தோல் பதனிடக் கடுக்காய் பயன்படுவதே அதன் டானினுக்காகத்தானே. முதலில் படம் இல்லாத துண்டுத் தகட்டில் பார்ப்பேன்.

இதற்கிடையில் மனம் இன்னொரு படத்துக்கு ஓடிவிட்டது. 1898 ஜனவரி 16 அன்று ‘லெ பெத்தி ஜூர்னல்’ வண்ண இணைப்பில் ஹென்றி மேயர் வரைந்த அந்தப் புகழ்பெற்ற பக்கம். விக்டோரியா, ஜெர்மனியின் வில்ஹெல்ம், ரஷ்யாவின் நிக்கோலாஸ், பிரான்சின் உருவகப் பெண்ணான மரியான், ஜப்பானிய சாமுராய் எல்லோரும் ‘சீனா’ என்ற கேக்கைச் சுற்றி இருக்கிறார்கள். பின்னால் ஒரு சீன அதிகாரி இரு கைகளையும் தூக்கிக் கத்துகிறான். அதற்கு முந்தைய நவம்பரில்தான் ஜெர்மனி சீனாவின் கியாவ்சோ விரிகுடாவைப் பிடித்திருந்தது. டிசம்பரில் ரஷ்யக் கப்பல்கள் சீனத் துறைமுகமான போர்ட் ஆர்தருக்குள் நுழைந்திருந்தன. தோமியேவின் தொடரில் சீனா என்றால் கேலிக்குரிய படையாவது இருந்தது. நாற்பது ஆண்டு கழித்து, ஜப்பானோடு 1894-95இல் நடந்த போரும் முடிந்த பிறகு, படத்தில் படையே இல்லை, வெறும் கைகளும் நீண்ட நகங்களும் மட்டும். நடுவில் 1885 மார்ச்சில், சீனப் படையோடு மோதிய பிரெஞ்சுப் படை வியட்நாமின் லாங்சோனிலிருந்து பின்வாங்கிய செய்தி வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் சிரிக்கவே இல்லை, பிரதமர் ஜூல் ஃபெரியின் அரசே கவிழ்ந்தது. மேயரின் பக்கத்தை லினோவில் (செதுக்கி அச்செடுக்கும் லினோலியம் விரிப்பில்) வண்ணத்துக்கு ஒரு கட்டை என்று வெட்டிப் பார்க்க ஆசை. நிக்கோலாஸின் தோளருகே மரியான் சாய்ந்து நிற்பாள், கையில் கத்தி இருக்காது. பகிர்விலிருந்து பிரான்சை ஒதுக்கிக் காட்டும் அந்தச் சாமர்த்தியத்தை வெட்டும்போதுதான் சரியாகப் பிடிக்க முடியும் என்று தோன்றுகிறது.

அதற்கு முன் இந்தத் தகட்டை முடிக்க வேண்டும். அதிகாரிக்குப் பின்னால் சிப்பாய் வரிசை இன்னும் வரையவில்லை. அது அங்கியைவிட இன்னும் மெல்லிய சாம்பல், 5ஆம் எண்ணிலும் கை எடையே இல்லாமல் தொட வேண்டும். இதே தகட்டில் வினிகர் கழுவி மறுபடி வரையலாமா, புதுத் தகட்டிலேயே மொத்தமும் வரையலாமா என்று முடிவு செய்யவில்லை. நேற்றைய சாம்பலைப் பணயம் வைக்க மனம் வராததால் அநேகமாகப் புதுத் தகடுதான். 220 தூள் தீரப்போகிறது, திங்கட்கிழமை கடைக்குப் போக வேண்டும்.