கண் வைத்தால் பூதம்: குட்டிக் குழந்தைகளோடு வண்ண விளையாட்டு

விடுமுறை தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய செய்தித்தாள் விரித்தபடியே கிடக்கிறது. என் மகளுக்கு ஆறு வயது, அண்ணன் மகனுக்கு நான்கு. இருவரும் தினமும் பூதம் செய்கிறார்கள். இதுவரை செய்து பார்த்ததில் எது நன்றாக வந்தது, எந்தப் பதத்தில் வந்தது என்று எழுதி வைக்கிறேன்.

பூதத்தை ஏன் எடுத்துக்கொண்டோம் என்றால், பூனை வரையச் சொன்னால் "பூனை மாதிரியே இல்லை" என்று குழந்தையே தாளைக் கசக்கிவிடும். பூதம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. நம் சிற்பிகளே அப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் வரிசையாக இருக்கும் பூதகணங்களைப் பார்த்திருப்பீர்கள். குட்டைக் கால், தொப்பை, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முகம். வயிற்றிலேயே முகம் உள்ள பூதங்களும் நம் சிற்பங்களில் உண்டு. அதைச் சொன்னதும் சின்னவன் எல்லாப் பூதத்துக்கும் தொப்புளில் வாய் வைக்க ஆரம்பித்துவிட்டான்.

முதலில் செய்தது மடிப்புப் பூதம். தடித்த ஓவியத்தாளை நடுவில் மடித்துத் திறந்து, ஒரு பக்கத்தில் மட்டும் போஸ்டர் கலரைச் சொட்டுச் சொட்டாக வைத்து, மறுபடி மூடி, மடிப்பிலிருந்து வெளியே தேய்க்க வேண்டும். திறந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓர் உருவம் வந்திருக்கும். கலர் தோசை மாவுப் பதத்தில் இருந்தால் ஓரங்களில் நரம்பு நரம்பாகக் கோடு விழும். அதுதான் அழகு. தண்ணீர் கூடினால் எல்லாம் ஒன்றாகக் கலந்து பழுப்பாகிவிடும். ஒரு தாளுக்கு இரண்டு நிறம் போதும். மஞ்சளும் நீலமும் வைத்தால் கலக்கும் இடத்தில் பச்சை வந்து, மூன்றாவது நிறம் தானாகக் கிடைக்கிறது.

இந்த விளையாட்டுக்குப் பழைய வரலாறு ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த யுஸ்டினுஸ் கெர்னர் ஒரு மருத்துவர், கவிஞரும்கூட. வயதாகிப் பார்வை மங்கியபோது அவர் எழுதும் தாளில் மை சிந்தியது. அந்தத் துளிகளோடு தாளை மடித்து, விழுந்த உருவங்களுக்குச் சில கோடுகள் சேர்த்து விசித்திரப் பிறவிகளாக்கி, கவிதையும் எழுதினார். மனநல மருத்துவர் ரோர்ஷாக், மைக்கறையில் என்ன தெரிகிறது என்று கேட்டு மனதை அறியும் தம்முடைய சோதனையை வெளியிட்டது அதற்கு வெகுகாலம் கழித்து, 1921இல். கெர்னர் செய்ததைத்தான் எங்கள் வீட்டு நாலு வயது வாண்டும் செய்கிறான்: முதலில் கறை, அப்புறம் அதற்குள் யார் ஒளிந்திருக்கிறார் என்று தேடுவது.

இத்தனை நாளில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பூதத்தை முதலில் வரையவே கூடாது. வண்ணம் தன் போக்கில் ஓர் உருவமாகட்டும். அது காய்ந்த பிறகு, எங்கே கண் வைப்பது என்று குழந்தை தேடட்டும். ஒரே கறையில் மேலே கண் வைத்தால் ராட்சசன், கீழே வைத்தால் தவளை, மூலையில் ஒரே ஒரு கண் வைத்தால் யாரையோ எட்டிப் பார்க்கும் கோழை. கோயில் சிலைக்கும் கண் திறப்பது கடைசியில்தானே. வண்ணக் குவியல் ஓர் உயிராக மாறும் அந்த நொடியைக் குழந்தையிடமிருந்து பறித்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "இங்கே வை" என்று நான் விரல் நீட்டுவதில்லை.

கண்ணுக்குக் கடையில் விற்கும் ஆடும் கண்கள் வேண்டாம். வாயில் போட்டுக்கொள்ளும் வயதில் தொண்டையில் சிக்கும். வெள்ளைத் தாளில் வட்டம் வெட்டி, நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் அருமையான முழி கிடைக்கிறது. ஆனால் பொட்டையும் பெரியவர் எடுத்துக் கொடுப்பதே நல்லது.

அடுத்தது ஊதிச் செய்யும் முடி. போஸ்டர் கலர் ஒரு ஸ்பூனுக்குத் தண்ணீர் இரண்டு, மூன்று ஸ்பூன். பால் பதம் வர வேண்டும். தாளில் ஒரு சொட்டு விட்டு ஸ்ட்ராவால் ஊதினால், கிளை கிளையாக ஓடிப் பரட்டைத் தலை தயார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. காகித ஸ்ட்ரா குழந்தை வாயில் சீக்கிரம் ஊறிவிடும் என்பதால் கையோடு சிலவற்றை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சின்ன வயதில் பப்பாளி இலைக் காம்பில் சோப்பு நுரை ஊதியிருக்கிறோம். ஆனால் அதன் பால் வாயில் பட்டால் எரிச்சல் தரும், அதனால் இவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஊதச் சொன்னால் உறிஞ்சிவிடும் குழந்தை என்றால், வாய்ப்பக்கத்துக்குச் சற்றுக் கீழே ஊசியால் இரண்டு மூன்று துளை போட்டுவிடுங்கள். உறிஞ்சினாலும் கலர் வாய்வரை ஏறாது.

மெழுகுப் பூதம் சுலபம். வெள்ளைக் கிரேயானாலோ மெழுகுவர்த்தித் துண்டாலோ அழுத்திக் கிறுக்கி, மேலே வாட்டர் கலர் பூசினால் கிறுக்கிய இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது. பல்லுக்கும் நகத்துக்கும் பொருத்தம்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது மஞ்சள் பூதம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, தாள் முழுக்கப் பூசி, நன்றாகக் காயவிட வேண்டும். ஒரு கிண்ணத்தில் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பிரஷ்ஷோடு கொடுங்கள். கோடு போட்ட இடமெல்லாம் கண் முன்னே செம்பழுப்பாக மாறும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோடா போன்ற காரப்பொருள் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான். ஆனால் ஆரத்திக்குப் போடும் சுண்ணாம்பைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சோடாவே போதும். சிவந்த பூதத்தின் மேல் எலுமிச்சைச் சாறு தொட்டு வைத்தால் அந்த இடம் மறுபடி மஞ்சளாகும். "அத்தை, கோபம் போயிடுச்சு!" என்று சின்னவன் கத்தினான். பிறகு கோபம் வரவழைப்பதும் தணிப்பதுமாகச் சாயங்காலம் முழுக்க அதே வேலை. ஒரு எச்சரிக்கை: மஞ்சள் கறை துணியில் போகாது. பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

தோலுக்கு வாழை மட்டை. இலைக்காம்பைக் குறுக்கே வெட்டினால் உள்ளே காற்றறைகள் வரிசையாக இருக்கும். கலரில் தொட்டு அச்சு வைத்தால் செதில் செதிலாக விழும். வெட்டிய வெண்டைக்காய் ஐந்து முனையோடு பூப்போல விழும், உடம்புப் புள்ளிக்கு நல்லது. வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்த பிறகே கலரில் தொட வேண்டும். இல்லாவிட்டால் வெண்டைக் கொழகொழப்பில் கலர் வழுக்கிவிடும். முள் கரண்டியைக் கலரில் தோய்த்து இழுத்தால் ரோமம்.

விரலால் பூச விரும்பும் குழந்தைக்கு வீட்டிலேயே கலர் காய்ச்சினேன். கால் கப் சோளமாவை (கார்ன்ஃப்ளவர்) ஒரு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கூழாகும் வரை கிளறி, ஆறியதும் பிரித்து உணவு நிறம் சேர்க்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது, புளித்துவிடும்.

காய்ந்த பூதங்களுக்கு மகள் பெயர் வைத்து, என்ன சாப்பிடும், எதைக் கண்டு பயப்படும் என்று தாளின் பின்னால் எழுதச் சொல்கிறாள். ஒன்று மிக்ஸி சத்தத்துக்குப் பயப்படுமாம். அடுத்த வாரம் இவற்றைச் சுற்றிலும் கத்தரித்து, தென்னை ஈர்க்கில் ஒட்டி, சுவரில் டார்ச் அடித்து நிழல் காட்டிப் பார்க்கப் போகிறோம். அதற்குத் தாள் தடிமனாக இருக்க வேண்டும் என்பதால் இப்போதிருந்தே பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைக்கிறேன்.