மாதத்துக்கு ஒரு சின்ன டப்பா

மகனுக்கு வந்திருப்பது கரப்பான், அதாவது எக்ஸிமாதான் என்று உறுதியானபோது எனக்குப் பாதி பயம் போய்விட்டது. தோல் காயாமல் பார்த்துக்கொண்டால் அடங்கிவிடும் என்றார் தோல் டாக்டர். அடங்கியது உண்மை. ஆனால் அதற்கான கிரீமைக் கைக்குக் கொண்டுவருவதற்குள் எனக்குத் தோல் உரிந்துவிட்டது.

தென்னாப்பிரிக்காவின் கடலோர டர்பனில் இருந்தவரை முழங்கை மடிப்பில் லேசான அரிப்போடு போயிற்று. பிறகு ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்தோம். இந்த ஊர் 1,700 மீட்டருக்கு மேல் உயரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை என்ற பேச்சே அபூர்வம், போதாக்குறைக்கு இரவெல்லாம் ஹீட்டர். முதல் குளிர்காலத்திலேயே பிள்ளையின் கால் மடிப்பெல்லாம் வெடித்துப்போனது.

டாக்டர் செராமைடு (தோலில் இயல்பாகவே உள்ள ஒரு கொழுப்புப் பொருள்) கலந்த ஒரு விலையுயர்ந்த கிரீமை எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் எய்டு, அதாவது நாங்கள் சந்தா கட்டும் தனியார் மருத்துவக் காப்பீடு, பணம் தர மறுத்துவிட்டது. நோயைக் குறிக்கும் ஐசிடி குறியீடு எல் 20 என்று சரியாகவே போட்டிருந்தது. போனில் பேசிய பெண் பொறுமையாகச் சொன்னாள்: "நோய் சரிதான் சார், பொருள்தான் அழகுசாதனக் கணக்கில் வருகிறது." ரத்தம் கசிகிற காலுக்கு என்ன அழகு? ஸ்டீராய்டு களிம்புக்கு மட்டும் பணம் வந்தது, அது மருந்தாம். உங்கள் திட்டத்தின் விலக்குப் பட்டியலில் மாய்ஸ்சரைசர் இருக்கிறதா என்று கடைக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சரி, அரசு கிளினிக்குக்குப் போவோம் என்று முடிவெடுத்தோம். அங்கே காசு கிடையாது, ஆனால் விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். டாக்டர் கடிதம், பிள்ளையின் பிறப்புச் சான்று எல்லாம் இருந்தும், விலாசச் சான்று இல்லையென்று முன்மேசைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். மின்சார பில் வீட்டுக்காரர் பெயரில் வருகிறது, நான் என்ன செய்ய? அவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். உள்ளே இருந்த சிஸ்டர் தங்கமானவர். சீட்டில் 'அக்குவஸ் கிரீம், தேவைக்கேற்ப' என்று எழுதினார். மருந்து ஜன்னலில் 100 கிராம் டப்பா ஒன்றைத் தள்ளிவிட்டு, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள்.

எக்ஸிமா உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை பூசச் சொல்கிறது பிரிட்டிஷ் வழிகாட்டி. நூறு கிராம் எத்தனை நாள் வரும்? தீர்ந்துபோய்த் திரும்பப் போனால், "உங்கள் தேதி வரவில்லை."

அதைவிட மோசம், அந்த கிரீம் பட்டதும் பிள்ளை எரிகிறது என்று அழுதான். அதில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருக்கிறது. சோப்பிலும் ஷாம்புவிலும் நுரைக்காகப் போடுகிற அதே சரக்கு. பூசிய பின் தோலிலேயே விட்டுவைத்தால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, எரிச்சல் தரக்கூடும் என்று பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இலேயே எச்சரித்திருக்கிறது. சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவுவதற்கென்றால் பரவாயில்லை.

இதைச் சொன்னதும் சிஸ்டர் மறுக்கவில்லை. பூசுவதற்கு அந்தச் சரக்கு இல்லாத செட்டோமேக்ரோகால் கிரீம் என்று மாற்றி எழுதினார். அப்போதுதான் கேட்டேன்: "தேவைக்கேற்ப என்று எழுதாமல் எத்தனை கிராம் என்றே எழுதித் தருவீர்களா?" எழுதினார். ஜன்னலில் அந்த எண்ணைப் பார்த்தவர் ஒரு கணம் முறைத்தார், பிறகு பேசாமல் பெரிய டப்பாக்களை எடுத்து வைத்தார். மெடிக்கல் எய்டோடு மல்லுக்கட்டிய எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது. ஸ்டாக் இல்லாத மாதங்களும் உண்டு. அப்போது மருந்துக்கடையில் பிராண்டு பெயர் இல்லாத டப்பாவைக் கேட்டு வாங்குங்கள், விளம்பர கிரீமின் விலையில் சிறு பங்குதான். அதுவும் முடியாவிட்டால் வாசலின்.

பூசும் முறையில் பெரிய சூட்சுமம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் முடி வளர்ந்த திசையில் தடவ வேண்டும். டப்பாவில் விரலை விடாமல் கரண்டியால் எடுங்கள், கிருமி சேராது. சிவந்த இடத்துக்கு மட்டும் ஸ்டீராய்டு. ஆயா தேங்காய் எண்ணெய் போதும் என்று இன்னமும் சாதிக்கிறார். ஆறிய தோலில் தடவட்டும் என்று விட்டுவிட்டேன்.

இடையில் ஒரு தெரிந்தவர், தெருக்கடையில் லேபிள் இல்லாத ஒரு கிரீம் இருக்கிறது, தழும்பின் கருப்பெல்லாம் போய்விடும் என்றார். அந்தப் பக்கமே போகாதீர்கள். அழகு கிரீம்களில் தோலை வெளுக்க வைக்கும் ரசாயனமான ஹைட்ரோகுவினோனை இந்த நாடு 1990இலேயே தடை செய்துவிட்டது, ஆனாலும் தோல் வெளுக்கும் கள்ளச் சரக்குகளில் அதுவும் கடுமையான ஸ்டீராய்டும் இன்னும் அகப்படுகின்றன.

இன்னொன்று, குளிர்கால வீடுகளுக்கு. இந்தக் களிம்புகள் ஊறிய பைஜாமாவும் போர்வையும் சட்டென்று தீப்பிடிக்கும், துவைத்தாலும் பசை முழுதாகப் போகாது. கேஸ் ஹீட்டர், மெழுகுவர்த்தி, சாமி விளக்கு எதன் அருகிலும் பிள்ளையை அந்தத் துணியோடு விடாதீர்கள்.