பன்னிக்குட்டியும் அம்மிச்சியோட கொடாப்பும்

மொத ஈத்துல 11 குட்டிங்க. மூணாம் நாள் வெடியால போயி எண்ணிப் பாத்தா 7 தான் இருக்குது. மிச்சம் நாலும் தாய்க்கு அடியில மாட்டி நசுங்கிப் போச்சு. தாராபுரம் பக்கம் எங்க தோட்டத்துல வெள்ளப்பன்னி வளக்க ஆரம்பிச்ச புதுசுல நடந்தது இது. ஏற்கனவே "ஆடு மாடு எல்லாம் உட்டுப்போட்டு போயும் போயும் பன்னியா"ன்னு கேட்டவங்க எச்சு, ஒரம்பரைக தோட்டத்துக்கு வந்தா மூக்க மூடிக்கிட்டே டீ குடிப்பாங்க, அதனால நட்டத்த வெளிய சொல்லக்கூட முடியல.

மறுவாரமே வெல்டிங் பட்டறைல சொல்லி பைப்புல கூண்டு அடிச்சேன். 7 அடி நீளம், 2 அடி அகலம். உள்ள தாய் நிக்கலாம், படுக்கலாம், திரும்பத்தான் முடியாது. ரெண்டு பக்கமும் குட்டிகளுக்கு சந்து மாதிரி எடம். பெரிய பண்ணைக வீடியோ எல்லாத்துலயும் இதுதானே இருக்குது, அப்ப இதுதான் சரின்னு நெனச்சுட்டேன். சரியாத்தான் இருந்துச்சு ஒரு வகைல, அடுத்த ஈத்துல ஒரு குட்டி கூட நசுங்கல.

ஆனா ஈனறதுக்கு மொத நாள் ராத்திரி தாய்ப்பன்னி பண்ணுன கூத்த பாக்கணுமே. வெறும் காங்கிரீட்ட மூக்கால நோண்டுது, முன்னங்காலால பறிக்குது, ஒன்னும் கெடைக்காம பைப்ப கடிக்க ஆரம்பிச்சிருச்சு, சாளை (தோட்டத்து வீடு) வரைக்கும் டங்கு டங்குன்னு சத்தம், நானும் தூங்கல என் சம்சாரமும் தூங்கல. அப்பறந்தான் தெரிஞ்சுக்கிட்டேன், காட்டுப்பன்னி குட்டி போடறதுக்கு முன்னால குழி பறிச்சு புல்லு, குச்சி எல்லாம் இழுத்து வந்து கூடு கட்டுமாம், அந்தப் புத்தி எத்தன தலமொற கொட்டகைல வளந்தாலும் போகறதே இல்ல. கடைசி ஒரு நாள்ல ஒடம்புக்குள்ள இருந்து அது வருது, நம்ம கம்பி போட்டா நிக்காது.

குட்டிகளுக்கும் அந்தக் கூண்டுத் தரை ஆகல. பால் குடிக்கறப்ப முன்னங்கால் முட்டிய தரைல ஊனி ஊனித்தான் முட்டும், சொரசொரப்பான காங்கிரீட்டுல தோல் வழண்டு புண்ணாயி, அதுவழியா கிருமி ஏறி ரெண்டுக்கு முட்டியே வீங்கிப் போச்சு. மார்கழிப் பனில இன்னும் ரெண்டு கழிச்சல்ல போச்சு. கூட்டிக் கழிச்சா நசுங்காம காப்பாத்துனத வேற வழில தொலச்சிருக்கறேன்.

அப்ப வந்த கால்நடை டாக்டரு (நாமக்கல்ல படிச்சவரு, கோழிப்பண்ணைக்குப் போற வழில நம்மளயும் பாத்துட்டுப் போவாரு) ஒரு கேள்வி கேட்டாரு. "ஏப்பா, குட்டி எதுக்கு தாயோட வயித்துலயே ஒட்டிப் படுக்குதுன்னு யோசிச்சியா?" பால் குடிக்கத்தானுங்களேன்னேன். இல்லியாம், குளுருது. பொறக்கறப்ப ஒன்னு, ஒன்னரை கிலோ தான் இருக்கும், மேல முடியும் இல்ல, ஆட்டுக்குட்டிக்கு இருக்கற மாதிரி சூடு குடுக்கற பழுப்புக் கொழுப்பும் பன்னிக்குட்டிக்கு கெடையாது. அதுக்கு மொத ரெண்டு மூணு நாள் 32, 34 டிகிரி வேணும். தாய்க்கோ 20 சுத்தி இருந்தாத்தான் சொகம், வெயில் ஏறுனா தீனி எடுக்காது, பால் கொறையும். ஒரே கொட்டகைல ரெண்டு சீதோஷ்ணம். குளுந்து போன குட்டிக்கு சீம்பால் குடிக்கத் தெம்பு இருக்காது, குடிக்காததால இன்னும் குளுரும், சூட்டுக்கு தாயோட ஒட்டும், 200 கிலோ ஒடம்பு பொத்துன்னு படுக்கறப்ப நகர முடியாது. நசுங்கி செத்துச்சுன்னு நம்ம எழுதிக்கறோம், ஆனா அது குளுர்லயே பாதி செத்தது.

இத அப்புடியே வீட்டுல சொல்லிக்கிட்டு இருக்கறேன், கடலை உரிச்சுக்கிட்டு இருந்த அம்மிச்சி (அம்மாவப் பெத்தவங்க) தலையக்கூட தூக்காம "ஆட்டுக்குட்டிய கொடாப்புல போட்டு மூடறதில்லியா, அந்த மாதிரி ஒன்னு வெச்சுக் குடு சாமி, அது பாட்டுக்கு உள்ள படுத்துக்கும்"னு சொல்லிப்போட்டு மறுக்கா கடலைய உரிக்குது. கொடாப்புன்னா குட்டிகள கவுத்து மூடி வெக்கற பெரிய கூடை. எனக்கு கொஞ்சம் வெக்கமாத்தான் போச்சு, பைப்புக்கு செலவு பண்ணுன காசுக்கு இந்த யோசன சும்மா கெடந்திருக்குது.

அதையே தான் பண்ணுனேன். மூலைல பலகைல ஒரு பெட்டி, மேல மூடி, குட்டி மட்டும் நொழையற அளவுக்கு வாசல், உள்ள குண்டு பல்பு, அடில மஞ்சி (தேங்காநார்) மில்லுல வாங்குன நார்த்தூள நல்லா காயப்போட்டு அதுமேல சாக்கு. தெர்மாமீட்டர் எல்லாம் ரெண்டாவது, குட்டி படுக்கற தினுச பாத்தாலே போதும். ஒன்னு மேல ஒன்னு ஏறிக் குமிஞ்சு கெடந்தா குளுருதுன்னு அர்த்தம், பல்ப விட்டு ஓரம் ஓரமா செதறிக் கெடந்தா சூடு எச்சு, பக்கம் பக்கமா வரிசையா தூங்குனா சரியா இருக்குது.

தாய்க்கும் எடத்த மாத்துனேன். 8க்கு 10 அடி ரூம்பு, செவுத்த ஒட்டி தரைல இருந்து 9 அங்குலம் ஒசரத்துல ஒரு பைப்பு, தாய் செவுத்துல சாஞ்சு படுத்தாலும் குட்டி அதுக்கு அடில தப்பிக்கலாம். ஈனறதுக்கு ரெண்டு நாள் முன்னால ரெண்டு கத்த சோளத்தட்டு. அத அது வாயில கவ்வி, மிதிச்சு, ஒதுக்கி ஒதுக்கி படுக்க போட்டுக்கற அழக நேர்ல பாக்கணும்ங்க. கடிச்சுக்கிட்டு கெடந்த அதே பன்னிதான், சத்தமே இல்ல.

கூண்ட தூக்கிப் போடல, அதையும் சொல்லிப்போடறேன். தலையீத்துக்காரி, மொரண்டு புடிக்கறது, இதுகளுக்கு ஈனுன அன்னைக்கு சாத்தி வெச்சு நாலாம் நாள் தொறந்து உடறேன். நசுங்கற சாவு பெரும்பாலும் மொத மூணு நாள்லதான். அதுக்கு மேலயும் நாலு வாரம் கம்பிக்குள்ள வெக்கறது குட்டிக்காக இல்ல, நமக்காக. கழுவ சுளுவு, எடம் மிச்சம், ஆள் மிச்சம். அந்த ஞாயத்த நேரா சொன்னா ஒத்துக்கலாம், குட்டிய காப்பாத்தறோம்னு சொல்றதுதான் எனக்கு ஆகறதில்ல. சுவிட்சர்லாந்துல 10 வருச அவகாசம் குடுத்து 2007ல இருந்து ஈனற கூண்டையே நிறுத்திட்டாங்க, ஜெர்மனில 2021ல கொண்டாந்த விதில அஞ்சு நாளைக்கு மேல அடைக்கக் கூடாது, ஆனா 15 வருசம் டயம் குடுத்திருக்கறாங்க. நம்மூர்லயும் 1960ம் வருச மிருகவதைச் சட்டத்துல, நகர எடம் இல்லாத கூண்டுல அடைக்கறது குத்தம்னு இருக்குது, ஆரு படிக்கறாங்க.

இரும்பூசி பத்தி ஒரு வார்த்த. தாய்ப்பால்ல இரும்புச்சத்து கம்மி, மண்ணுல பொரளற நாட்டுப்பன்னிக் குட்டிக்கு மண்ணுலயே கெடைச்சிரும், காங்கிரீட்டுல வளக்கறதுக்கு மூணாம் நாள் ஊசி போட்டே ஆகணும். செம்மண் அள்ளிப் போட்டா போதும்னு சொல்லுவாங்க, அதோட குடல்புழுவும் வரும், நான் ஊசிதான்.

பால் மறக்கடிச்ச பொறகு வேற தலவலி, வாலு கடி. நாங்க அம்பது நாளு சுமாருக்கு பிரிக்கறோம். போன வருசம் மூணு தாயோட குட்டிகள ஒரே ரூம்புல ஒட்டுக்கா உட்டேன், ரெண்டு நாள் ஒரே சண்ட, அப்பறம் ஒன்னு இன்னொன்னு வாலக் கடிக்க ஆரம்பிச்சு, ரத்தத்த பாத்ததும் மிச்சதுகளும் சேந்துக்குச்சு. வால வெட்டிரலாம்னு ஒருத்தர் சொன்னாரு. டாக்டரு வேற சொன்னாரு, மூக்குக்கு வேல இல்லாத குட்டிதான் பக்கத்துல இருக்கறத நோண்டும்னு. பாதிய பிரிச்சு அடுத்த ரூம்புல உட்டு, தென்ன மட்டை, தேங்காநார்க் கயிறு, சோளத்தட்டுன்னு தெனமும் எதாச்சும் போட ஆரம்பிச்சேன். மொத்தமா நின்னுச்சுன்னு சொல்லமாட்டேன், கொறஞ்சுச்சு.

ஆனா வாலு கடி மறுக்கா எச்சானது ஆடில. பாலக்காட்டுக் கணவாய் காத்து எங்க பக்கம் எப்புடி அடிக்கும்னு காத்தாலைகள பாத்தாலே தெரியும், மேக்கால தொறந்த கொட்டகைல ராத்திரி முழுக்க அந்தக் காத்து குட்டி மேலயே அடிச்சா கழிச்சலும் வரும், எரிச்சல்ல கடியும் வரும். இந்த வாட்டி ரெண்டு ஈத்து ஆனி கடைசில வருது, அதுக்குள்ள மேக்குப் பக்கம் தென்னந்தட்டி ரெண்டு அடுக்கு கட்டணும், கீழ குட்டி ஒசரத்துக்கு அடைச்சு மேல காத்து போற மாதிரி. தட்டி பின்ன ஆள் கெடைக்கறதுதான் செரமமா இருக்குது.